நாலு கவ்வியா, அஞ்சு கவ்வியா?

அமெரிக்காவில் வீடும் கடையும் வைத்திருக்கும் வாசகர்கள் மீட்டர் சாக்கெட் பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். மின் மீட்டரைச் செருகும் சுவர்ப் பெட்டிதான் மீட்டர் சாக்கெட். மீட்டரின் கால்களைப் பிடித்துக்கொள்ளும் உள் தகடுகள்தான் கவ்விகள்.

நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் 100 ஆம்பியர் சர்வீஸ்தான் (மின் நிறுவனம் தரும் இணைப்பு) இருக்கிறது. மின்கார் சார்ஜர் போடுவதற்காக 200 ஆக்கப் போகிறோம். மீட்டர் சாக்கெட்டையும் மாற்ற வேண்டுமா? கடையில் கிடைக்கிற ஏதாவது ஒரு 200 ஆம்பியர் பெட்டி போதுமா?
*வாசகி, டெக்சாஸ்*

பழைய பெட்டியில் 100 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பெட்டியை இப்போதே வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு மின் நிறுவனத்துக்கும் அனுமதித்த சாக்கெட்டுகளின் பட்டியல் உண்டு. அதில் இல்லாத மாடலில் மீட்டரை மாட்ட மாட்டார்கள். சில நிறுவனங்கள் பெட்டியைத் தாங்களே கொடுப்பதும் உண்டு. வளையம் வைத்ததா, வளையம் இல்லாததா என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். வளையம் வைத்ததில் மூடியைப் போட்ட பிறகு மீட்டரைச் செருகி வளையத்தால் இறுக்குவார்கள். மற்றதில் மீட்டர் முதலில், மூடி பிறகு.

அடுத்து, கம்பி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலிருந்து வந்தால் பெட்டியின் தலையில் ஹப் (கம்பிக் குழாயைப் பொருத்தும் வாய்) வேண்டும். தரைக்கடியில் வந்தால் கம்பியை வளைக்க உள்ளே இடம் அதிகம் தேவை, அதற்கு அகலமான பெட்டிதான் சரி. 200 ஆம்பியர் வீட்டு சர்வீஸுக்கு வழக்கமாக 4/0 அலுமினியம் அல்லது 2/0 செம்பு (இவை அமெரிக்கக் கம்பித் தடிமன் எண்கள்). அந்த அளவைப் பெட்டியின் லக் (கம்பியைத் திருகால் இறுக்கும் முனை) ஏற்குமா என்பது மூடியின் உட்பக்கம் எழுதியிருக்கும்.

இதோடு முடியவில்லை. தேசிய மின் விதிகளின் 2020 பதிப்பிலிருந்து, சர்வீஸை மாற்றும் வீடுகளில் வெளிப்புறத்தில் அவசர டிஸ்கனெக்ட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தாக வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பதிப்பு அமலில் இருந்தால், சாக்கெட்டும் மெயின் பிரேக்கரும் ஒரே பெட்டியில் வரும் மீட்டர் மெயின் வாங்கிவிடுவது லாபம்.

‘400 ஆம்பியர் சர்வீஸ்’ என்று யாராவது விலை சொன்னால் குழம்ப வேண்டாம். அதற்குரிய சாக்கெட்டில் 320 என்றுதான் இருக்கும். தொடர்ந்து ஓடும் சுமைக்கு 320, உச்ச அளவு 400.

பழைய கட்டடம் ஒன்றைக் கீழே இரண்டு கடை, மேலே மூன்று அபார்ட்மென்ட் என்று பிரிக்கிறோம். ஐந்து மீட்டருக்கும் நாலு கவ்வி சாக்கெட் போட்டால் மலிவு என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?
*வாசகர், நியூ ஜெர்சி*

வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அபார்ட்மென்டுக்குப் போகும் இரண்டு லைவ் கம்பிகளுக்கு இடையே 240 வோல்ட் இருந்தால் நாலு கவ்வி சரி. 208 இருந்தால் அது மூன்று பேஸ் சப்ளையிலிருந்து எடுத்த இரண்டு பேஸ். அதற்கு ஐந்து கவ்வி.

காரணம் இதுதான். 240 வோல்ட் சப்ளையில் நியூட்ரல் இரண்டு லைவுக்கும் சரி நடுவில் இருக்கிறது, அதனால் மீட்டருக்கு நியூட்ரல் தேவைப்படுவதில்லை. 208இல் இரண்டு லைவின் மின்னலைகளும் 120 டிகிரி விலகி நிற்கின்றன, அந்தக் கணக்கு உடைந்துவிடும். ஐந்தாவது கவ்விதான் நியூட்ரலை மீட்டருக்குக் கொண்டுபோகிறது. பெரும்பாலும் அது கடிகாரத்தில் 9 மணி இருக்கும் இடத்தில் வரும். சில நிறுவனங்கள் 6 மணி இடத்தில் கேட்கும். இடம் மாறினால் மீட்டர் செருகாது. கடைக்கு மூன்று பேஸும் நியூட்ரலும் போகிறது என்றால் ஏழு கவ்வி. கடைகளுக்கு லீவர் பைபாஸ் உள்ள சாக்கெட்டைத்தான் பல நிறுவனங்கள் கேட்கின்றன. லீவரைத் திருப்பினால் மின்சாரம் மீட்டரைச் சுற்றிப் போகும், அதனால் மீட்டரை மாற்றும்போது ஃப்ரீசர் நிற்காது.

ஐந்து என்று எண்ணியதிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மாடிப்படி விளக்கு, தீ எச்சரிக்கை மணி போன்ற பொதுச் சுமையை எந்தக் குடித்தனக்காரர் மீட்டரிலும் சேர்க்க விதி இடம் தராது. அதற்கு ஆறாவதாக ஒரு மீட்டர் வேண்டும். சப்ளை 208 என்றால், மூன்று அபார்ட்மென்டையும் ஒரே ஜோடி பேஸில் தொங்கவிடாமல் ஏ-பி, பி-சி, சி-ஏ என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மீட்டர் பெட்டியிலிருந்து ‘உஸ்’ என்று சத்தம் வருகிறது, விளக்கு மினுக்குகிறது. மெயினை அணைத்துவிட்டு மீட்டரை இழுத்துப் பார்க்கலாமா?
*வாசகர், இலினாய்*

கூடவே கூடாது. மெயினை அணைத்தாலும் மேல் கவ்விகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அங்கே ஷார்ட் ஆனால் தடுக்க வீட்டில் எந்த பிரேக்கரும் இல்லை. இன்றே மின் நிறுவனத்தை அழையுங்கள்.

பெரும்பாலும் கவ்வியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அலுமினியக் கம்பி லக்கில் சரியாக இறுகியிருக்காது. மேலே ஹப் வழியாகத் தண்ணீர் இறங்கித் துரு பிடிப்பதும் உண்டு. மீட்டர் அவர்களுடையது. பெட்டியும் கவ்வியும் பல ஊர்களில் வீட்டுக்காரர் பொறுப்பு, ஆகவே லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுக்கும் சொல்லி வையுங்கள். புதுப் பெட்டி மாட்டும்போது அலுமினியத்துக்கு ஆக்சைடு தடுப்புப் பசை பூசி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள், கைக்கணக்கு போதாது.