கார்டு பாயின்ட்டை டிக்கெட்டாக்குவது எப்படி: கொங்குக்காரர்கள் கேட்டதும் கிடைத்த பதிலும்

வணக்கமுங்க. கிரெடிட் கார்டு பாயின்ட்டைப் பத்திக் கேள்வி நிறைய வந்திருக்கு, வரிசைப்படி போக முடியல. கணக்கு இருக்கிற கேள்விக்கு நீளமாவும், “எந்த கார்டு பெஸ்ட்?” மாதிரி கேள்விக்கு ஒரே வரியிலும் பதில் வரும். கோவிச்சுக்காதீங்க.

பீளமேட்டிலிருந்து: அண்ணா, எச்.டி.எஃப்.சி. ரெகாலியா கோல்டு கார்டில் 26,000 பாயின்ட் சேர்ந்திருக்குங்க. ஆப்பைத் திறந்தா மிக்ஸி, ட்ராலி பேக், கேஷ்பேக், பிளைட்னு என்னென்னமோ காட்டுது. எதுல போட்டா எச்சு கிடைக்கும்?

பதில்: ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை பைசா விழுதுன்னு மட்டும் பாருங்க. ஸ்டேட்மென்ட்டில், அதாவது மாச பில்லில், காசா கழிச்சா 20 பைசா, 26,000-க்கு 5,200 ரூபாய். மிக்ஸிக்கு 12,000 பாயின்ட் கேட்டு, அதே மாடல் காந்திபுரத்தில் 3,600 ரூபாய்க்குக் கிடைச்சா 30 பைசா. வங்கியோட ஸ்மார்ட்பை தளத்தில் பிளைட், ஹோட்டலுக்குப் போட்டா 50 பைசா, அதாவது 13,000 ரூபாய். அங்கே முழுத் தொகையையும் பாயின்ட்டில் கட்ட விடாது, ஒரு பங்கை கார்டில் கட்டணும். புக் பண்ணறதுக்கு முன்னால அதே பிளைட்டோட விலையை ஏர்லைன் தளத்திலேயும் பாருங்க. இங்கே 600 ரூபாய் எச்சா இருந்தா உங்க 50 பைசா அந்த அளவுக்குக் குறையும்.

நாலாவது வழி, ஏர்லைன் மைலா மாத்தறது. மைல்னா ஏர்லைனோட சொந்தப் பாயின்ட், அதை வச்சு டிக்கெட் எடுக்கலாம். கொச்சியிலிருந்து சிங்கப்பூர் டிக்கெட் காசுக்கு 18,400 ரூபாய். மைலில் 13,000 மைலும் 3,200 ரூபாய் வரியும் கேட்குதுன்னு வைங்க. 18,400-இல் 3,200 போனா 15,200. அதை 13,000-ஆல் வகுத்தா ஒரு மைலுக்கு 1 ரூபாய் 17 பைசா. உடனே துள்ளாதீங்க. உங்க கார்டில் 2 பாயின்ட்டுக்குத்தான் 1 மைல்னா, 13,000 மைலுக்கு 26,000 பாயின்ட் போகுது. பாயின்ட்டுக்கு 58 பைசா. ஸ்மார்ட்பையை விட 8 பைசாதான் லாபம். காசுக்கு வாங்கின டிக்கெட்டுக்கு மைல் சேரும், மைலில் வாங்கினதுக்குச் சேராது. அதைக் கழிச்சா அந்த 8 பைசாவும் சுருங்கும்.

அதே பிளைட்டில் பிசினஸ் கிளாஸ் பாத்தா கதை மாறும். காசு விலை மூணு மடங்குக்கு மேல ஏறும், மைல் அந்த அளவுக்கு ஏறாது. மைலோட ருசி அங்கேதான். எகானமிக்கு மைல் மாத்தறவங்க பாதிப் பேர் கணக்குப் போடாம மாத்தறவங்க.

ஒண்ணு மட்டும் கல்லுல செதுக்கி வைங்க: மைலுக்குக் கிடைக்கிற சீட்டைக் கண்ணுல பாக்காம பாயின்ட்டை மாத்தாதீங்க. ஏர்லைனுக்குப் போன மைல் வங்கிக்குத் திரும்பி வராது.

கரூரிலிருந்து: எந்த கார்டு பெஸ்ட்?

பதில்: மாசம் எவ்வளவு, எதுக்குச் செலவு, எங்கே போகணும்? மூணும் தெரியாம சொன்னா அது ஜோசியம்.

கோபியிலிருந்து: வெளிநாடெல்லாம் போறதில்லீங்க. மாசம் ரெண்டு தடவை சென்னை, அவ்வளவுதான்.

பதில்: அப்போ மைல் பக்கமே வராதீங்க. ஐ.ஆர்.சி.டி.சி. எஸ்.பி.ஐ. கார்டு உங்களுக்குத்தான். ஏ.சி. வகுப்பு டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே எடுத்தா 10 சதவீதம் வரைக்கும் பாயின்ட்டா வரும், 1 பாயின்ட் 1 ரூபாய். சேர்கார் அதில் சேரும், அதனால ஈரோட்டில் ஏறுற கோவை–சென்னை வந்தே பாரத்துக்கும் செல்லும். ஸ்லீப்பரில் போறவங்களுக்குப் பிரயோசனம் கம்மி. இதே வங்கியோட மத்த சில கார்டுகளில் 4 பாயின்ட் சேர்ந்தாத்தான் 1 ரூபாய், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

பொள்ளாச்சியிலிருந்து: கோவையிலிருந்தே சிங்கப்பூருக்கு ஸ்கூட் பிளைட் போகுதே? அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கம்பெனிதானே, அவங்களோட கிரிஸ்பிளையர் மைல் அதுல செல்லுமா?

பதில்: செல்லும். ஆனா போடாதீங்க. ஸ்கூட் டிக்கெட் ஏற்கெனவே மலிவு, அதுல மைலைக் கரைச்சா அடிமாட்டு விலைதான் விழும். கோவையிலிருந்து காசு கொடுத்து ஸ்கூட்டில் போங்க. மைலை வச்சு கொச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போங்க. பாலக்காடு வழியா கொச்சி ஏர்போர்ட் இருக்கிற நெடும்பாசேரிக்கு 4 மணி நேரம் வைங்க, குதிரான் தாண்டி திருச்சூர்ப் பக்கம் நெரிசல்னா இன்னும் ஒரு மணி நேரம். சென்னைக்கோ பெங்களூருக்கோ தனி டிக்கெட்டில் பிளைட் பிடிச்சுப் போய் அங்கிருந்து ஏறறதா இருந்தா, நடுவில் குறைஞ்சது 5 மணி நேரம் விடுங்க. முதல் பிளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனி உங்களுக்காகக் காத்திருக்காது, ஆள் வரலைன்னு நோ-ஷோ போட்டுடும். பெட்டியையும் நீங்களே எடுத்துத் திரும்பப் போடணும்.

காங்கேயத்திலிருந்து: அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகணுங்க. மைல் என் பேரில்தான் இருக்கு.

பதில்: கிரிஸ்பிளையரில் 5 பேரை நாமினியா சேர்க்கலாம், அவங்களுக்கு உங்க மைலில் டிக்கெட் போடலாம். சேர்த்த பேரை மாத்தறதுக்குக் கட்டணம் உண்டு, அதனால ஒறம்பரை எல்லாரையும் போட்டு இடத்தை அடைச்சுடாதீங்க. வங்கியிலிருந்து மாத்தும்போது மட்டும் உங்க சொந்த ஏர்லைன் கணக்குக்குத்தான் போகும். வீட்டுக்காரம்மா கணக்குக்கு அனுப்ப முடியாது.

நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல், இனிஷியல். வங்கியில் ‘கே. செந்தில்’, பாஸ்போர்ட்டில் ‘செந்தில்’ மட்டும், சர்நேம் கட்டம் காலி. ஏர்லைன் கணக்கை எப்பவும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி தொடங்குங்க. அப்புறம் வங்கிக் கணக்கில் பேரை அதுக்கு ஒத்து வர்ற மாதிரி திருத்துங்க. பேர் ஒத்து வரலைன்னா மாத்தின பாயின்ட் நடுவழியில் நிக்கும். ஷார்ஜா, அபுதாபி போறவங்க கூடுதலா கவனிக்கணும்: 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம்னு அமீரகம் அறிவிச்சது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேர் இருந்தா ஏத்துக்கிறோம்னு சொன்னாங்க. புதுசா பாஸ்போர்ட் எடுக்கிறவங்க இனிஷியலை விரிச்சு சர்நேம் கட்டத்தில் போட்டுடுங்க.

திருப்பூரிலிருந்து: நான் பனியன் கம்பெனிங்க. மாசம் 5 லட்சத்துக்கு நூல் வாங்கறேன். கார்டில் தேய்ச்சா மில்காரர் 2 சதவீதம் எச்சா கேட்கிறார். தேய்க்கலாமா?

பதில்: 5 லட்சத்துக்கு 2 சதவீதம்னா 10,000 ரூபாய். உங்க கார்டு திருப்பித் தர்றது 1 சதவீதம்னா 5,000 கிடைக்கும், 5,000 நட்டம். எச்.டி.எஃப்.சி. இன்பினியா மாதிரி 150 ரூபாய்க்கு 5 பாயின்ட், பாயின்ட் 1 ரூபாய்னு போற கார்டுன்னா 16,600 சொச்சம் வரும், 6,600 மிச்சம். ஆனா அந்த மாதிரி கார்டெல்லாம் சொந்தச் செலவுக்குன்னு கொடுக்கிறது. மாசா மாசம் ஒரே மில்லில் லட்சக்கணக்கில் தேய்ச்சா வியாபாரச் செலவுன்னு சொல்லிப் பாயின்ட்டைத் திரும்ப எடுத்துக்கலாம், விதியில் இருக்கு.

அதே திருப்பூர்க்காரர்: 45 நாள் வட்டியில்லாக் கடனை விட்டுட்டீங்களே! 12 சதவீத வட்டின்னாலும் அதுவே 7,400 ரூபாய் ஆச்சு.

பதில்: நியாயமான கேள்வி. ஆனா 45 நாள் எப்பவும் வராதுங்க. பில் தேதிக்கு மறுநாள் தேய்ச்சா 45-லிருந்து 50 நாள். பில் தேதிக்கு முந்தின நாள் தேய்ச்சா 20 நாள் கிடைச்சாலே எச்சு, அப்போ 3,300 ரூபாய்தான். இன்னொண்ணு, உங்க மில்காரர் சும்மாவே 30 நாள் தவணை தர்றவர்தானே? அப்போ கார்டு புதுசா என்ன நாள் தருது?

ஈரோட்டிலிருந்து: மஞ்சள் மண்டிக்காரன் சொல்றேன். மில்காரருக்கு எதுக்கு 2 சதவீதம்? நம்ம கடை கார்டு மெஷினிலேயே நாமே தேய்ச்சா காசு நம்ம கணக்குக்கே வரும், பாயின்ட்டும் மிச்சம். எல்லாரும் பண்றதுதானே?

பதில்: பண்றாங்க, மாட்டறாங்க. சரக்கு இல்லாம சொந்த மெஷினில் தேய்க்கிறது, கார்டை வச்சு ரொக்கம் எடுக்கிறதுக்குச் சமம். ஒரே கார்டு, ஒரே மெஷின், ரவுண்டு தொகை, மறுநாளே அதே காசில் பில் கட்டறது: இதை வங்கி கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க ஒரு மனுஷன் உட்கார வேண்டியதில்லை. கார்டு மூடினா சேர்த்த பாயின்ட் மொத்தமும் போச்சு, மெஷினையும் பிடுங்குவாங்க.

திருப்பூர்க்காரர்: ஈரோட்டண்ணா, பில் போடாம தேய்ச்சா ஜி.எஸ்.டி. கணக்கிலேயும் இடிக்குமுங்க. அந்த வேலை வேண்டாம்.

ஈரோட்டுக்காரர்: உங்களுக்கெல்லாம் பயம். அஞ்சு சதவீத கேஷ்பேக் கார்டு ஒண்ணு வாங்கி நிம்மதியா இருக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

பதில்: சொந்த மெஷினில் தேய்க்கிற பேச்சுக்கு இதோட முற்றுப்புள்ளிங்க, அதைப் பத்தி இனி கேட்டா பதில் இல்லை. கேஷ்பேக் விஷயத்தில் நீங்க சொல்றது பாதி சரி. வருஷத்துக்கு ஒரு தடவை கூடப் பறக்காதவங்களுக்குக் கேஷ்பேக்தான். ஆனா அந்த 5 சதவீதத்துக்குப் பெரும்பாலும் மாசம் இவ்வளவுதான்னு உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டினா அந்த 5 சதவீதம் கிடையாது. வாடகை, பெட்ரோல், வாலெட், அரசு வரி எல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது. அது பாயின்ட் கார்டுக்கும் பொருந்தும்.

நாமக்கல்லிலிருந்து: எந்த கார்டு எடுக்கலாம் அண்ணா?

பதில்: கரூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

சேலத்திலிருந்து: இந்த மாசம் 1 லட்சம் பில். மினிமம் 5,000 கட்டினா பாயின்ட் வருமில்ல?

பதில்: வரும். 100 ரூபாய்க்கு 2 பாயின்ட், பாயின்ட் 50 பைசான்னா 1 லட்சத்துக்கு 1,000 ரூபாய். வட்டி தேய்ச்ச தேதியிலிருந்தே ஓடும். மாசம் 3.5 சதவீதம்னு வச்சா 3,500, அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 630, மொத்தம் 4,130. பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. முழுசாக் கட்ட முடியாதவங்க பாயின்ட் பேச்சையே பேசாதீங்க, கார்டை பீரோவில் வைங்க.

தாராபுரத்திலிருந்து: வெளிநாட்டில் தேய்ச்சா எவ்வளவு எச்சாகும்?

பதில்: பெரும்பாலான கார்டில் 3.5 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும். 1 லட்சத்துக்கு சேலத்துக்காரருக்குச் சொன்ன அதே 4,130. இந்தக் கட்டணத்துக்கு மார்க்கப்னு பேர், அது குறைஞ்ச கார்டு ஒண்ணை அதுக்குன்னு வச்சுக்குங்க. கடையில் மெஷின் “ரூபாயா, சிங்கப்பூர் டாலரா”ன்னு கேட்டா டாலரையே அமுக்குங்க. ரூபாயை அமுக்கினா கடைக்காரர் பக்கத்து விகிதம் விழும், அது எப்பவும் உங்களுக்கு எதிரா.

பல்லடத்திலிருந்து: கார்டை மூடப் போறேங்க. பாயின்ட்?

பதில்: முதல்ல பாயின்ட்டைச் செலவு பண்ணுங்க, அப்புறம் மூடுங்க.

சத்தியமங்கலத்திலிருந்து: போன வருஷம் கடனை செட்டில்மென்ட் பண்ணினேன், சிபில் கடன் ஸ்கோர் எப்போ ஏறும்?

பதில்: இங்கே அதுக்குப் பதில் இல்லைங்க. வங்கிப் புகார்னா முதல்ல வங்கிக்கு எழுதுங்க. 30 நாளில் பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அதிகாரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து: அண்ணா, நீங்க சொன்னதைப் படிக்கிறதுக்கு முன்னாலயே கிரிஸ்பிளையருக்கு மாத்திட்டேன். 13,000 மைல். பள்ளிக்கூட லீவுக்கு ஒரு சீட்டும் காட்டலைங்க.

பதில்: சரி, ஆனது ஆச்சு. உங்க மைலுக்கு 3 வருஷம் ஆயுசு இருக்கு, பதறிப் போய் ஸ்கூட்டில் கரைக்காதீங்க. ரெண்டு வழி. லீவுக்குத்தான் போகணும்னா, பிளைட் புக்கிங் 355 நாள் முன்னாலயே திறக்குது. அடுத்த வருஷ மே மாசத்துக்கு இந்த வருஷ மே மாசமே உட்காரணும். லீவு முக்கியமில்லைன்னா, மாசப் பாதியை ஒட்டி ‘ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்’னு ஒரு பட்டியல் வரும், அடுத்த மாசம் போறதுக்கு 30 சதவீதம் கம்மி மைலில். அதில் கொச்சியோ சென்னையோ இருக்கான்னு மட்டும் பாருங்க. அந்த டிக்கெட்டை மாத்தவும் முடியாது, கேன்சல் பண்ணி மைலைத் திரும்ப வாங்கவும் முடியாது. வீட்டில் கேட்டுட்டே அமுக்குங்க.