அமெரிக்கப் பிரைமரி கனடாவுக்குச் சரிவருமா?

அண்ணா, வணக்கம். 2025 மார்ச்சில் லிபரல் கட்சிக்காரர் ஒன்றரை இலட்சம் பேர் வாக்களித்து மார்க் கார்னியைத் தலைவராக்கினார்கள், ஐந்தே நாளில் அவர் பிரதமர். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, அதனால் என்னை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில், பஃபலோவில் இருக்கும் என் மைத்துனர் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை. வாக்காளர் பதிவில் கட்சியைக் குறித்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான், கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் பிரைமரி தேர்தலில் போய் வாக்களித்துவிட்டு வருகிறார். இங்கேயும் அப்படி வைத்தால் என்ன? இல்லை, நானும் ஒரு கட்சியில் சேரத்தான் வேண்டுமா?
ஒரு வாசகர், மார்க்கம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் போட்டிக்குப் பதிவு செய்திருந்தவர்கள் நான்கு இலட்சம் பேர் அளவில், அடையாளத்தைச் சரிபார்த்து வாக்களித்து முடித்தவர்கள் 1 இலட்சத்து 51 ஆயிரம் சொச்சம். 4 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இது போதாது. ஆனாலும் தலைவரைத் தெரிவு செய்ய அமெரிக்க முறை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அங்கே ஜனாதிபதியை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியாது. நான்கு வருடம் நிச்சயம், தேர்தல் தேதியும் முன்கூட்டியே தெரியும், அதனால் மாதக்கணக்கில் மாநிலம் மாநிலமாகப் பிரைமரி நடத்த நேரம் இருக்கிறது. இங்கே கார்னி மார்ச் 23ஆம் தேதி தேர்தலை அறிவித்தார், ஏப்ரல் 28 வாக்களிப்பு, முடிந்தது. இதற்குள் பிரைமரிக்கு நேரம் ஏது? அதைவிடப் பெரிய விஷயம், இங்கே தலைவரை எம்பிக்கள் கேள்வி கேட்க முடியவேண்டும். 2022 பிப்ரவரியில் கொன்சர்வேட்டிவ் எம்பிக்கள் 73க்கு 45 என்று வாக்களித்துத் தங்கள் தலைவர் எரின் ஓ'டூலை இறக்கினார்கள். ஐம்பது இலட்சம் பேர் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த தலைவராக அவர் இருந்திருந்தால் அந்த 73 பேருக்கும் கை எழுந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் பிரைமரி கேட்பது தொகுதி வேட்பாளருக்கு. நம் ஆட்கள் தலைமைப் போட்டியைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் பெரும்பாலான தொகுதிகளில் யார் எம்பி என்பது, கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்யும் நாமினேஷன் நாளிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அந்த நாமினேஷனோ முழுக்கக் கட்சி அலுவலகத்தின் கையில். தேதி அவர்கள் வைப்பது, உறுப்பினர் சேர்க்கையின் கடைசி நாள் அவர்கள் வைப்பது, யார் போட்டியிடலாம் என்பதும் அவர்கள் சொல்வது, வேண்டாம் என்றால் போட்டியே இல்லாமல் ஒருவரை நியமித்துவிடலாம். நெப்பியன் தொகுதியில் 2025இல் அதுதான் நடந்தது. ஏற்கெனவே எம்பியாக இருந்த சந்திரா ஆர்யாவின் நாமினேஷனை லிபரல் கட்சி ரத்து செய்தது, அப்புறம் கார்னி அங்கே நின்றார். தொகுதி உறுப்பினர்கள் வாக்களிக்க எதுவும் இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்காபரோவில் ஒரு வருடம் வீடு வீடாக ஏறி உறுப்பினர் படிவம் நிரப்பினார். கட்சியின் பெயர் வேண்டாம். கோவில் வாசலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் படிவக்கட்டோடு நின்றவர். நானும் சில ஞாயிற்றுக்கிழமைகள் கூடப் போயிருக்கிறேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது, வேறொருவர் வேட்பாளர் என்று. காரணம் ஒரு வரிகூட இல்லை. அவருக்காகக் கையெழுத்துப் போட்ட வயதானவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அமெரிக்காவில் இப்படிச் செய்வது கடினம். பிரைமரியைப் பெரும்பாலும் மாநில அரசின் தேர்தல் நிர்வாகமே நடத்துகிறது, தேதியும் விதியும் சட்டத்தில் இருக்கின்றன. 2018இல் நியூயார்க்கில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஜோ கிரௌலி ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகளில் ஒருவர், அவரை எதிர்த்த அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸை யாருக்கும் தெரியாது, இருந்தும் அந்தப் பெண் போட்டியிடுவதைத் தடுக்க முடியவில்லை, வென்றுவிட்டார். ஆனால் அந்தப் பிரைமரியில் மொத்தம் விழுந்தது 30,000க்கும் குறைவான வாக்குகள் என்பதையும் பாருங்கள். கதவைத் திறந்துவைத்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று இல்லை.

ஆகவே வாக்களிப்பது கட்சி உறுப்பினர்களாகவே இருக்கட்டும், ஆனால் பட்டியலைச் சரிபார்த்து, பெட்டியை வைத்து, எண்ணுவது கூட்டாட்சித் தேர்தலை நடத்தும் அமைப்பான எலெக்ஷன்ஸ் கனடாவாக இருக்கவேண்டும். வெளிநாட்டுத் தலையீடு பற்றி விசாரித்த நீதிபதி மரி-ஜோஸே ஓக், 2024 மே மாத அறிக்கையிலேயே நாமினேஷன் போட்டிகள் வெளிநாடுகள் உள்ளே நுழைவதற்கான வாசலாகலாம் என்று எச்சரித்தார். 2019இல் டொரொண்டோவின் டான் வாலி நார்த் தொகுதி லிபரல் நாமினேஷனுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பஸ்ஸில் வந்தது அந்த விசாரணையில்தான் பெரிதாகப் பேசப்பட்டது. குடியுரிமை இல்லாதவர்களும் வாக்களிக்க அன்று கட்சி விதியிலேயே இடம் இருந்தது, 2025 ஜனவரியில்தான் தலைமைப் போட்டிக்கு அதை இறுக்கினார்கள். கட்சிகள் தனியார் சங்கங்கள், அரசு உள்ளே வரக்கூடாது என்பார்கள். சரி, ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை கொடுப்பதும், தேர்தல் செலவில் பாதியளவு திருப்பிக் கொடுப்பதும் பொதுப்பணம்தானே.

சேரவேண்டுமா என்று கேட்டீர்கள். சேருங்கள். லிபரல் கட்சியில் 2016க்குப் பிறகு கட்டணம்கூட இல்லை. 2015இல் ஒன்ராறியோ கொன்சர்வேட்டிவ் தலைமைக்கு பேட்ரிக் பிரவுன் வந்ததில் தமிழர்கள் நிரப்பிய படிவங்களுக்கும் பங்கு உண்டு, அவரைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஒன்று மட்டும் கவனம்: நாமினேஷன் அறிவிப்பு வந்த பிறகு சேர்ந்தால் பெரும்பாலும் கடைசி நாள் தாண்டியிருக்கும். இந்த மாதமே சேர்ந்துவிட்டு, உங்கள் தொகுதிச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் எப்போது என்று கேட்டு எழுதுங்கள். பதில் வருகிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்.