வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஏன்?

அப்பாவுக்கு வாய் இவ்வளவு புண்ணாகிறதே, வாராவாரம் ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்பாவின் தொண்டைப் புற்றுக்கட்டிக்குக் கதிர் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும்போது வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றுவது கதிரின் வேலையைக் கூட்டத்தான். கதிர் புற்றுசெல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. உடைந்ததைச் செல் சரிசெய்துகொள்ள விடாமல் மருந்து தடுக்கிறது.

வாய் இவ்வளவு புண்ணாவதற்கும் அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். பக்கத்து நல்ல சதைக்கும் கதிர் கூடுதலாக உறைக்கும். மீன்குழம்பு வேண்டாம், ஆறிய கஞ்சி கொடுங்கள். (நம்ம குமரி ஆட்களுக்கு அதுதான் பெரிய தண்டனை!)

அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். காதில் இரைச்சல் கேட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

கஞ்சியும் இறங்காமல் சிறுநீரும் குறைந்தால் அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே மார்த்தாண்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.