எந்தச் சொல்லால் அழைப்பது?

கேள்வி: அண்ணன் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. விருந்தினரிடம் அவனை 'மாற்றுத்திறனாளி' என்று எழுதிக் காட்டினேன். "நான் காதுகேளாதவன், அப்படியே சொல்லுங்கள் அத்தை" என்று சைகையில் கோபித்துக்கொண்டான். நான் செய்தது தவறா? (வாசகி, தேனி)

பதில்: தவறில்லை அம்மா. ஆனால் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மூன்று வயதில் போலியோ தாக்கி, காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) மாட்டி நடந்தவன் நான். பள்ளியில் ஆசிரியரே 'நொண்டி' என்றுதான் கூப்பிடுவார். அதனால் 2010இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று துறைக்கே பெயர் வைத்தபோது கண் கலங்கினேன். பார்வையற்ற என் தோழிக்கோ அந்தச் சொல்லே பிடிக்காது. "எனக்கு என்ன மாற்றுத் திறன்? எல்லோரும் கண்ணால் படித்ததை நான் பிரெயிலில் படித்தேன்" என்பார். 2015இல் பிரதமர் மோடி எங்களைத் 'திவ்யாங்' (தெய்வீக உடல் கொண்டவர்) என்றபோது பல அமைப்புகள் எதிர்த்தன. தெய்வீகப் பட்டம் எதற்கு, பஸ்ஸில் ஏற வழி செய்யுங்கள் என்பதே என் எண்ணமும்.

அரசுப் படிவத்தில் மாற்றுத்திறனாளி என்றே நிரப்புங்கள். வீட்டில் அவன் விரும்பும் சொல்தான். அதைச் சைகையில் எப்படிச் சொல்வது என்று அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள்.