அரசு வக்கீல் வாழ்க்கை: சித்தப்பாவிடம் பார்த்தது

கேள்வி: அரசு வழக்கறிஞராக இருப்பவரின் வேலையும் வாழ்க்கையும் எப்படி இருக்கும்? அருகிலிருந்து பார்த்தவர்கள் சொல்ல முடியுமா?

என் சித்தப்பா ஏ.பி.பி.யாக, அதாவது உதவி அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் சட்டம் படித்தேன், ஆனால் கவுன் மாட்டாமல் வங்கி வேலைக்குப் போய்விட்டேன். அதனால் இது பாதி உள்ளே, பாதி வெளியே நின்று பார்த்தவனின் பதில்.

முதலில் ஒரு குழப்பம். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் பி.பி. (அரசு வழக்கறிஞர்) வேறு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் ஏ.பி.பி. வேறு. பி.பி. ஆக 7 வருட வக்கீல் அனுபவம் வேண்டும். கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பட்டியல் தருவார், அரசு நியமிக்கும். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறும். ஏ.பி.பி. அப்படியல்ல. கிரிமினல் கோர்ட்டில் 5 வருடம் பழகியபின் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிற நிரந்தர அரசு ஊழியர். ஊர் ஊராக மாற்றல் உண்டு. சித்தப்பாவும் திருநெல்வேலி, தூத்துக்குடி என்று சுற்றிவிட்டுக் கடைசிக் காலத்தில்தான் குமரிக்கு வந்தார்.

எங்கள் மாவட்டத்தில் வக்கீல் என்றாலே நேசமணிதான். நாகர்கோவிலில் வக்கீலாக இருந்தவர், 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் பெரும்பங்கு அவருக்கு. ஊரில் மணிமண்டபமே இருக்கிறது. ஏ.பி.பி.யை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஜெயித்தால் போலீஸுக்குப் பேர், தோற்றால் இவருக்குத் திட்டு.

சட்டக் கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அவரோடு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். விளவங்கோடு பக்கத்து வெட்டுக்காய வழக்கு. வெட்டுப்பட்டவரின் அம்மா கூண்டில் நிற்கிறார். ஸ்டேஷனில் எழுதிய வாக்குமூலத்தில் ‘எதிரி அரிவாளால் வெட்டினார்’ என்று இருந்தது. (கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் எழுதுவார்கள்.) அது எழுதியவரின் தமிழ், அம்மாவின் தமிழ் அல்ல. அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்தும் போடுவதில்லை.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். “அரிவாள்னு போலீஸ்ல சொன்னீங்களா?”

“அருவான்னு நான் சொல்லவே இல்ல சாரே. வெட்டோத்தி.”

“அப்போ போலீஸ் உங்களை விசாரிக்கவே இல்ல?”

“அதொண்ணும் ஓர்மையில்ல.”

நீதிபதி வேறு மாவட்டத்துக்காரர், பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சித்தப்பா மறு விசாரணைக்கு அனுமதி கேட்டு எழுந்தார். இந்த இடத்தில் ‘வெட்டோத்தியும் அரிவாளும் ஒன்றுதானே அம்மா’ என்று பதிலை வாயில் வைத்துக் கேட்க முடியாது, அது சட்டப்படி தப்பு. சான்றுப்பொருளை எடுத்துக் காட்டச் சொன்னார்.

“அம்மா, இத உங்க ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க?”

“இதாக்கும் வெட்டோத்தி. அறுக்கது அருவா, வெட்டுறது வெட்டோத்தி.”

உட்கார்ந்துவிட்டார். ஒரே கேள்வி. வாதத்திறமை என்றால் கர்ஜனை என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்கு வாய் பிளந்துவிட்டது.

வழக்கு ஜெயித்ததா என்றால், இல்லை. காயத்தோடு வருபவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ‘தெரிந்த 2 பேர் தாக்கியதாக’ என்று இருந்தது, குற்றப்பத்திரிகையில் எதிரி ஒருவர்தான். இன்னொரு ஆள் எங்கே போனார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள்.

மேல்முறையீடு போகலாமா என்று அபிப்பிராயம் கேட்டு வந்தபோது ‘முகாந்திரம் இல்லை’ என்று எழுதிவிட்டார். எனக்கே கோபம். அந்த அம்மா பொய்யா சொன்னாங்க என்று கேட்டேன். மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் தொட்டுக்கொண்டே, “அவங்க சொன்னது உண்மதான். அந்த ரெண்டாவது ஆளும் உண்மதான மக்கா?” என்றார்.

இன்ஸ்பெக்டர் ரெண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அதே ஸ்டேஷன் ஏட்டு அடுத்த வழக்குக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஏ.ஆர். காப்பிய மொதல்ல எடும்” என்றார்.