ஒரு முனையில பாட்டு, மறுமுனையில ட்ரம்ஸ்

(இந்த வாரம் வந்த கேள்விகள்ல அரசியல், சினிமா எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டேன். காசிமேட்டுக்காரர் ஒருத்தர் எழுதின லெட்டர் அப்படி. அதை ஒட்டியே இன்னும் நாலு கேள்வி வந்திருந்துச்சு, எல்லாம் ஒரே ஆல்பத்தைப் பத்தி.)

காசிமேடு வாசகர்: அண்ணே, நியூ இயர் நைட்டு எங்க தெருவுல சவுண்டு செட்டு போட்டோம். கோயில் முனையில ஒரு பாக்ஸ், பால் பூத் முனையில ஒரு பாக்ஸ். மாமா ஆசைப்பட்டாரேன்னு இங்கிலாந்து பேண்டு பீட்டில்ஸோட முதல் ஆல்பம் ப்ளீஸ் ப்ளீஸ் மீ இருக்குல்ல, அதை போன்ல இருந்து போட்டேன். கோயில் பக்கம் கிடார், ட்ரம்ஸ் மட்டும்தான் வருது, பாட்டே இல்ல. பால் பூத் பக்கம் வெறும் பாட்டு, ட்ரம்ஸ் எங்கயோ பக்கத்து தெருவுல அடிக்கற மாதிரி. செட்டுக்காரர் ஒயரைப் புடுங்கிப் புடுங்கி மாட்டினாரு. நடுவுல லவ் மீ டூவும் அடுத்த பாட்டும் மட்டும் ரெண்டு பக்கமும் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் பழைய கதைதான். ரெண்டாயிரம் ரூபா பாக்கி நிக்குது, குடுக்கலாமா வேணாமா?

முதல்ல அந்த ரெண்டாயிரத்தைக் குடுத்துடுங்க தம்பி, அவர் மேல தப்பே இல்ல. ஒயர் மேலயும் தப்பில்ல. அந்த ரெக்கார்டே அப்படித்தான்.

1963ல லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுல ப்ரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டின் இதை ரெக்கார்டு பண்ணப்ப டேப்ல இருந்தது மொத்தம் ரெண்டே ட்ராக். ஒண்ணுல வாத்தியம், இன்னொண்ணுல குரல். ஜனங்க ரெண்டு காதுல தனித்தனியா கேக்கணும்னு பிரிக்கல, அப்ப ரெண்டு ஸ்பீக்கர்ல வேற வேற சத்தம் குடுக்கற ஸ்டீரியோ பிளேயர் எத்தனை வீட்ல இருந்துச்சு? பின்னாடி ரெண்டையும் ஒண்ணா சேக்கும்போது குரல் தூக்கலா இருக்கணுமா ட்ரம்ஸ் தூக்கலா இருக்கணுமான்னு சரி பாத்துக்கறதுக்காகப் பிரிச்சு வெச்சாரு, சாம்பார் வேற ரசம் வேற பாத்திரத்துல வெச்சுக்கற மாதிரி. அவர் கணக்குல சாப்பாடு மோனோதான், அதாவது எல்லாத்தையும் ஒரே சத்தமா கலந்து குடுக்கறது. மோனோ எல்பி, அதான் முழு ஆல்பம் இருக்கற பெரிய ரெக்கார்டு, மார்ச் 22 அன்னிக்கு வந்துச்சு, ஸ்டீரியோ அதுக்கு ஒரு மாசம் கழிச்சு, வாத்தியத்தை இடதுல தள்ளு குரலை வலதுல தள்ளுன்னு கிட்டத்தட்ட அப்படியே தூக்கிக் குடுத்ததுதான். 1987ல சிடி வந்தப்பகூட மோனோவாத்தான் விட்டாங்க. இப்ப நம்ம போன்ல ஓடறது 2009ல சுத்தம் பண்ணின ஸ்டீரியோ, அதைத்தான் நீங்க தெருவோட ரெண்டு முனைக்கும் பங்கு போட்டுக் குடுத்திருக்கீங்க.

பால் பூத் பக்கம் ட்ரம்ஸ் பக்கத்து தெருவுல கேட்டுச்சுன்னீங்களே, அது ரொம்ப சரியான காது. அவங்க ஒரே ரூம்ல நின்னு வாசிச்சுக்கிட்டே பாடினாங்க, அதனால பாடற மைக்லயும் ட்ரம்ஸ் லேசா ஏறியிருக்கும். லவ் மீ டூ, பி.எஸ். ஐ லவ் யூ ரெண்டும் முந்தின வருஷம் சிங்கிளுக்காக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்ன ரெக்கார்டுக்காக எடுத்தது, அதோட ரெண்டு ட்ராக் டேப் இப்ப இல்ல, மோனோ மட்டும்தான் மிச்சம். அதான் உங்க தெருவுக்கே அந்த ரெண்டு பாட்டு மட்டும் முழுசா கேட்டுச்சு.

அடுத்த தடவை போன் செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டிக்குள்ள போய் மோனோ ஆடியோன்னு இருக்கும், அதை ஆன் பண்ணிட்டு போடுங்க. மாமாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

வியாசர்பாடி வாசகி: ஒரே நாள்ல எடுத்த ஆல்பம்னு சொல்றாங்களே, பில்டப்பா?

பில்டப் இல்லம்மா. 14 பாட்டுல நாலு ஏற்கனவே ரெண்டு சிங்கிளா வந்தது. மிச்சம் 10 பாட்டும் 1963 பிப்ரவரி 11, ஒரே நாள். காலைல 10 மணிக்கு உள்ள போனவங்க ராத்திரி பத்தே முக்காலுக்கு வெளிய வந்தாங்க, நடுவுல ரெண்டு இடைவேளை, கணக்குப் போட்டா நம்ம பின்னி மில்லு ஆளுங்க பாத்த மாதிரி மூணு ஷிஃப்ட்டு. மத்தியானம் இன்ஜினியருங்க சாப்பிடப் போயிட்டாங்க, திரும்பி வந்து பாத்தா இவங்க நாலு பேரும் சாப்பிடப் போகவே இல்ல, பாலைக் குடிச்சுட்டு ப்ராக்டீஸ் பண்ணிட்டு இருந்தாங்களாம். சிங்கிள் சூடா ஓடிட்டிருக்கு, அது ஆறறதுக்குள்ள எல்பி வரணும்னு அவசரம். மார்ட்டினுக்கு முதல்ல லிவர்பூல் கேவர்ன் கிளப்லயே லைவா எடுத்துடலாம்னு நெனப்பு, போய்ப் பாத்தாரு, சுரங்கம் மாதிரி இடம், சவுண்டு ஒத்து வராதுன்னு விட்டுட்டாரு. அதனால கிளப்ல தினம் வாசிக்கறதையே ஸ்டூடியோவுல வாசிக்க வெச்சாரு.

பாடற லெனனுக்கு அன்னிக்கு முழுக்க ஜலதோஷம், தொண்டை கட்டிப்போச்சு. ட்விஸ்ட் அண்ட் ஷவுட் பாடினா மிச்சம் இருக்கற குரலும் போயிடும்னு தெரிஞ்சே அதைக் கடைசிக்கு ஒதுக்கி வெச்சாங்க. ராத்திரி 10 மணிக்கு மேல, தொண்டை மாத்திரை, ஒரு வாய் பாலு, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஒரே டேக். ரெண்டாவது டேக் ட்ரை பண்ணாங்க, குரல் வரல. நாம கேக்கறது அந்த முதல் டேக்தான். நீங்க வியாசர்பாடி, உங்களுக்கு நான் சொல்லணுமா, சாவு வீட்ல ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்ச கானாக்காரர் விடிகாலை மூணு மணிக்கு ஒரு பாட்டு எடுப்பாரே, குரல் கிழிஞ்சு நூலா தொங்கும், ஆனா அப்பதான் உக்காந்திருக்கற எல்லாருக்கும் முதுகு சிலிர்க்கும். அந்தக் குரல் இது. பத்து நாள் டைம் குடுத்திருந்தா சுத்தமா பாடியிருப்பாங்க, எனக்கு அந்த சுத்தம் வேணாம்.

கொருக்குப்பேட்டை வாசகர்: 14ல ஆறு பாட்டு அடுத்தவங்க பாட்டாமே சார். அப்ப பெரிய ஆளுங்கன்னு எப்படி சொல்றது?

ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தா நானும் உங்க கட்சிதான். சின்ன வயசுல பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எங்க பக்கத்து வீடு ஆங்கிலோ இந்தியன் குடும்பம், தெருவுல சட்டைக்காரங்க வீடுன்னுதான் சொல்லுவாங்க, அந்த அங்கிள் ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெட்டி பிளேயர்ல இதைப் போடுவாரு. பெட்டியோடயே ஒட்டின ஒரே ஸ்பீக்கர், மூடியைக் கழட்டி சாச்சு வெச்சிருப்பாரு. சொந்தப் பாட்டு வந்தா சும்மா உக்காந்திருப்பாரு, அன்னா, பாய்ஸ், பேபி இட்ஸ் யூ வந்தா ஆன்ட்டியை இழுத்து ஆடுவாரு. எனக்கு அப்ப புரியல, சும்மா இடத்தை ரொப்பற ஃபில்லர்னு நெனச்சேன். போன மாசம் திரும்ப முழுசா 32 நிமிஷமும் கேட்டப்பதான் உறைச்சுது, இவங்க இந்த அமெரிக்கப் பாட்டுகளை வாசிச்சு வாசிச்சுத்தான் தொழில் கத்திருக்காங்க. பாய்ஸ், பேபி இட்ஸ் யூ ரெண்டும் ஷிரெல்ஸ்ங்கற பொண்ணுங்க க்ரூப்போட பாட்டு. பாய்ஸ்ல பசங்களைப் பத்தி பொண்ணுங்க பாடினதை ட்ரம்ஸ் வாசிக்கற ரிங்கோ அப்படியே பசங்களைப் பத்தியே பாடறாரு, வார்த்தையை மாத்தணும்கற கூச்சமே இல்ல! எ டேஸ்ட் ஆஃப் ஹனி மட்டும் எனக்கு இன்னிக்கும் ஒட்டல, கல்யாண ரிசப்ஷன்ல வாசிக்கற மாதிரி இருக்கு, தாண்டிடுவேன்.

நாலு பேரும் துறைமுக ஊருப் பசங்க சார். லெனனோட அப்பா கப்பல்ல வேலை பாத்தவரு, கிடார் வாசிக்கற ஹாரிசனோட அப்பாவும் கப்பல்ல இருந்துட்டு அப்புறம் பஸ் ஓட்டினவரு. ராயபுரம், தண்டையார்பேட்டைல ஹார்பர் வேலை பாத்த வீட்டுப் பசங்களுக்கு இது தனியா விளக்க வேணாம்.

ஓட்டேரி வாசகர்: லவ் மீ டூவுல ட்ரம்ஸ் ரிங்கோ இல்லையாமே?

ஆல்பத்துல இல்ல. 1962 செப்டம்பர் 4ல ரிங்கோ வாசிச்ச டேக் மார்ட்டினுக்குத் திருப்தி இல்ல, ஒரு வாரம் கழிச்சு ஆண்டி வைட்ங்கற ஆளைக் கூப்ட்டு வாசிக்க வெச்சாங்க, ரிங்கோ கையில குலுக்கற சலங்கை மாதிரி டாம்பரினைக் குடுத்துட்டாங்க. டாம்பரின் சத்தம் கேட்டா அது ஆல்பம் வெர்ஷன், கேக்கலன்னா ரிங்கோ ட்ரம்ஸ் வாசிச்சது. மனுஷன் அந்த வருத்தத்தை ரொம்ப நாள் வெச்சிருந்தாரு.

பெரம்பூர் வாசகர்: அந்த ஆல்பத்தோட ஒரிஜினல் ரெக்கார்டு உங்ககிட்ட இருக்கறதா கேள்விப்பட்டேன். விப்பீங்களா? நல்ல விலை தரேன்.

யாரு கெளப்பிவிட்டதுன்னு தெரியல. எங்கிட்ட இருக்கறது அட்டை. மூர் மார்க்கெட் 1985ல எரியறதுக்கு முந்தி, ஸ்கூல் படிக்கறப்ப, பஸ் காசை மிச்சம் புடிச்சு நடைபாதைல ஒருத்தர்கிட்ட பேரம் பேசி வாங்கினது. லண்டன்ல ஈஎம்ஐ ரெக்கார்டு கம்பெனி ஆபீஸ் மாடிப்படில எடுத்த போட்டோ, நாலு பேரும் கைப்பிடில சாஞ்சு கீழ பாத்து சிரிப்பாங்க, ஹவுசிங் போர்டு மாடில இருந்து தண்ணி லாரி வந்துடுச்சான்னு எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கும். ஆசை ஆசையா வீட்டுக்கு வந்து உள்ளருந்து எடுத்தா முருகன் பக்திப் பாட்டு. ஓடிப்போய்ப் பாத்தா கடைக்காரர் கடையைக் கட்டிட்டாரு. அம்மா ஒவ்வொரு கிருத்திகைக்கும் அதைப் போடுவாங்க, அட்டை மேல குங்குமம் வேற இருக்கு. விக்கறதா இல்ல.