பாலிஷ் அறைக்கு எந்த விளக்கு?

கேள்வி: காரைக்குடியில் பழைய பர்மா தேக்குச் சாமான்களைப் பழுதுபார்த்து விற்கிறேன். வீட்டின் பின்கட்டில், தகரக் கூரை போட்ட பத்துக்கு எட்டடி அறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஸ்ப்ரே செய்கிறோம். அங்கே விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் மாற்ற வேண்டும். ஒரு கடைக்காரர் ‘வாட்டர்புரூஃப்’ விளக்கே போதும் என்கிறார். இன்னொருவர் நான்கு மடங்கு விலைக்கு ‘ஃப்ளேம்புரூஃப்’ விளக்கைக் காட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு. லாக்கரில் கலக்கும் தின்னரில் பெரும்பாலும் டொலுவீன் என்ற கரைப்பான் இருக்கும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றுத் தாண்டினாலே அதன் ஆவி வெடிக்கும் கலவையாகிவிடும். ஒரு லிட்டர் முழுதும் ஆவியானால் சுமார் 20 கன மீட்டர் காற்றை அப்படி வெடிக்கும் கலவையாக்கிவிடும். உங்கள் அறை ஒன்பதடி உயரம் என்றால் அதன் கொள்ளளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாற்காலி செட் ஒன்றுக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

வாட்டர்புரூஃப் விளக்கு இதற்கு உதவாது. அதன்மேல் போட்டிருக்கும் ஐ.பி. 65 என்றால் தூசியும், பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே புகாது, அவ்வளவுதான். எரியும்போது சூடாகி, அணைத்தபின் குளிரும் விளக்கு மெல்லக் காற்றை உள்ளிழுக்கும். அதோடு ஆவியும் போகும்.

ஃப்ளேம்புரூஃப் பெட்டியின் சூத்திரம் வேறு. ஆவி உள்ளே போகும், உள்ளேயே வெடிக்கவும் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டுதான் அதைச் செய்கிறார்கள். கனமான உலோகக் கூடு அந்த அடியைத் தாங்கும். மூடிக்கும் உடலுக்கும் இடையே உள்ள மெல்லிய இடுக்கு வழியாக வெளியேறும் தீ, உலோகத்தில் உரசிக் குளிர்ந்து அணைந்துவிடும். அந்த இடுக்குதான் விளக்கின் உயிர். ஒரு பட்டறையில் பார்த்தேன்: விலை உயர்ந்த விளக்கு, மூடியில் எட்டு போல்ட் துளைகள், இருந்தவை மூன்று போல்ட். கேபிள் நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கி மூடும் சான்று பெற்ற கிளாண்டுக்குப் பதில் எம்சீல் உருண்டை. அதற்கு ஐம்பது ரூபாய் குண்டு பல்பே மாட்டியிருக்கலாம், பயமாவது இருந்திருக்கும்.

ஆனால் உங்கள் இடத்துக்கு நான் முதலில் சொல்வது, மின்சாரத்தையே அறையைவிட்டு வெளியேற்றுங்கள். சுவரில் கனத்த கண்ணாடி ஒன்றைத் திறக்க முடியாதபடி, இடுக்கில்லாமல் பதித்து, விளக்கை அதற்கு வெளியே மாட்டலாம். அந்தப் பக்கம் ஆவி வராத இடமாக இருக்க வேண்டும். சுவிட்ச், பிளக், கம்ப்ரெஸர், கைப்பேசி சார்ஜர் எல்லாம் வெளியே. இப்படிச் செய்தால் உள்ளே சான்று பெற்ற சாதனம் தேவைப்படுவது மிகக் குறைவு.

அப்படியும் உள்ளே விளக்கு வேண்டுமென்றால் பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஸ்ப்ரே நடக்கும் அறை மண்டலம் 1, அதாவது வேலை நடக்கும்போதே வெடிக்கும் ஆவி சேரக்கூடிய இடம்; எப்போதாவது மட்டும் சேரும் இடம் மண்டலம் 2. ‘மண்டலம் 2’க்கு மட்டும் என்றிருப்பதை வாங்காதீர்கள். எந்த ஆவிக்கு ஏற்ற சாதனம் என்பதைச் சொல்லும் வாயுப் பிரிவு, டொலுவீனுக்கு ஐஐஏ (IIA) போதும். வெப்ப வகுப்பு டி4 இருக்கட்டும், அதாவது மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது. டொலுவீன் தானாகப் பற்ற 480 டிகிரி வேண்டுமே, எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். விளக்கின் மேல் படியும் லாக்கர் தூளில் நைட்ரோசெல்லுலோஸ் இருக்கிறது. அது அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். ஆகவே வாரம் ஒருமுறையாவது துடைக்கவும் வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று. தகட்டில் தனியாக எதுவும் குறிக்காவிட்டால், அந்தச் சாதனம் 40 டிகிரி வரையிலான சுற்றுப்புற வெப்பத்துக்குத்தான். சித்திரை வெயிலில் உங்கள் தகரக் கூரையடியில் எவ்வளவு இருக்கும்? 50 அல்லது 55 டிகிரி என்று தகட்டிலேயே பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் ஒப்புதல் கடித நகலையும் கேட்டு, மாடல் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஃபேன் விஷயத்தில் இடமே முக்கியம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது; ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோடு ஊர்ந்து, முற்றத்துச் சாக்கடைத் துளைக்குள் இறங்கி, வீட்டின் அடுத்த கட்டில் தலைநீட்டும். எக்ஸாஸ்டைத் தரைக்கு அருகில் வையுங்கள், சாக்கடை வாயை அடைத்துவிடுங்கள். ஃபேன் மோட்டார், ஆவி போகும் பாதைக்கு வெளியே இருந்து பெல்ட்டால் ஓடட்டும். இறக்கை ஃபேனின் கூட்டில் உரசினாலும் பொறி பறக்காத வகையாகக் கேளுங்கள். ஸ்ப்ரே முடிந்த பிறகும் நன்றாக ஓடவிட்டு அணையுங்கள்.

பக்கத்து அறையில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதை வேறு பக்கம் நகர்த்துங்கள். அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். ஐஐஏ சாதனம் அதற்குப் போதாது, ஐஐசி வேண்டும்.

ஆயுத பூஜையன்று ஸ்ப்ரே கன்னையும் கம்ப்ரெஸரையும் கழுவித் துடைத்து முகப்புக்குக் கொண்டுவாருங்கள். கற்பூரம் அங்கேயே காட்டலாம்.